சட்டைப் பாட்டின் பதினோரு மாதங்கள்

"கார்லண்ட் பீஸ்லி, துணைத் தலைவர், பாடல் தேர்வுப் பிரிவு. நாஷ்வில்லின் இசைக்கு உருவம் கொடுத்த காதுகளுள் ஒன்று இவருடையது. மின்னல் வேகத்தில் முடிவெடுப்பவர். தாம் நம்பிய பாட்டுக்காக எவரோடும் மோதத் தயங்காதவர்."

1979ஆம் வருடம் கம்பெனி அச்சடித்த கையேட்டின் நான்காம் பக்கத்தில், புகைப்படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தது. எழுதியவன் கல்லூரியை முடித்துவிட்டு நேராக வந்தவன். பீஸ்லியை இரண்டு முறை மாடிப்படியில் பார்த்திருக்கிறான். புகைப்படம் மட்டும் பொய் சொல்லவில்லை. தடித்த கண்ணாடி, கொஞ்சம் சாய்ந்த டை, 'இந்தப் பக்கம் பாருங்க' என்று யாராவது சொல்வதற்காகக் காத்திருக்கும் முகம்.

கையேடு வந்த அன்று வெர்னீஸ் அதை உரக்க வாசித்துக் காட்டினாள். வெர்னீஸ் அவருடைய காரியதரிசி, அவரைவிட ஒன்பது வயது மூத்தவள், அலுவலகத்தை நடத்துபவள்.

"மின்னல் வேகமாம்! சார், புது ஸ்டேப்ளர் கறுப்பா சாம்பலான்னு போன மாசம் கேட்டேன். மின்னல் இன்னும் அடிக்கல."

"யோசிச்சுட்டு இருக்கேன், வெர்னீஸ்."

"ரெண்டே நிறம்தான் இருக்கு. மூணாவது ஒண்ணு வரும்னு காத்திருக்க வேண்டாம்."

பீஸ்லி சிரித்தார். மனிதருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இருந்த, கோபம் வருகிற மனிதர்கள் நிறைந்த பதினாறாம் அவென்யூவில் இதை எல்லோரும் பெரிய குணம் என்று நினைத்தார்கள்.

அவர் பிறந்தது நாஷ்வில்லுக்குக் கிழக்கே ஸ்பார்ட்டா என்ற சிற்றூரில், போதகர் மகனாக. அவர்கள் சபையில் வாத்தியம் கிடையாது. பியானோகூட இல்லை. புதிய ஏற்பாட்டில் பியானோ எங்கே வருகிறது, காட்டு என்பது அவர்கள் கட்சி, மறுப்பது கஷ்டம். ஆகவே ஞாயிறுதோறும் நூற்றிருபது பேர் வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு நாலு குரலில் பாடினார்கள். யார் எந்தக் குரலில் தவறினாலும் பத்து வயது கார்லண்டுக்குத் தெரிந்துவிடும், ஆனால் திரும்பிப் பார்க்கமாட்டான். காது அங்கே வந்தது. திரும்பிப் பார்க்காத பழக்கமும் அங்கேதான் வந்தது. கிதார் வாசிக்க அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அப்பா இறந்து இருபது வருடம் ஆகியும் அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

பாட்டுத் தொழிலுக்கு அவர் வந்த வழி இன்னும் வேடிக்கை. பதினான்கு வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீட்டு விசாரணை பார்த்தார். எரிந்துபோன களஞ்சியங்களைப் போய்ப் பார்த்து, பணம் வராது என்று சொந்தக்காரரிடம் சொல்லும் வேலை. சொல்லிவிட்டு வரும்போது அந்தச் சொந்தக்காரரே ஒரு பை தக்காளியைக் கார் சீட்டில் வைத்து அனுப்புவார். 1970இல் ராய்ஸ் ஹேவர்ட்டியின் வீட்டுத் தாழ்வாரக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போனது. ஹேவர்ட்டி அப்போதே பெரிய தயாரிப்பாளர், கம்பெனியின் தலைவர். பீஸ்லி வந்து பார்த்து, பேசி, கிளம்பினார். ஹேவர்ட்டி கார் வரை வந்து கை குலுக்கி நன்றி சொன்னார். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் தமக்கு ஒரு டாலர்கூட வரப்போவதில்லை என்பது அவருக்கு உறைத்தது.

"என் கூரையும் போச்சு, நன்றியையும் நானே சொல்லி அனுப்பியிருக்கேன்," என்றாராம் மனைவியிடம். "இவன்தான் நமக்கு வேணும்."

பாட்டெழுதுகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஊரில் முடிவெட்டுபவர் முதல் பல் வைத்தியர் வரை எல்லோருடைய சட்டைப்பையிலும் ஒரு பாட்டு இருக்கும்.

ஹேவர்ட்டி கணக்குப் போட்டது ஒரு இடத்தில் பிசகிவிட்டது. களஞ்சியத்துக்கு இல்லை என்று சொல்ல பீஸ்லியிடம் காப்பீட்டுப் பத்திரத்தின் பதினான்காம் ஷரத்து இருந்தது. பாட்டுக்கு ஷரத்து ஏது? அதோடு, எரிந்த களஞ்சியங்கள் மேல் அவருக்குப் பிரியம் எதுவும் இருந்ததில்லை. பாட்டுகள் மேல் இருந்தது. ஆகவே முதல் வாரத்திலேயே 'இல்லை' என்ற சொல் அவரிடமிருந்து கழன்றுபோய் வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது: "கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்."

அந்தத் தெருவில் இந்தச் சொற்களுக்கு அர்த்தம் உண்டு. ஹோல்டு என்பார்கள். ஒரு தயாரிப்பாளரோ அவருடைய ஆளோ ஒரு பாட்டை ஹோல்டு கேட்டால், பாட்டின் சொந்தக்காரர் அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். கையெழுத்து, தேதி, சாட்சி ஒன்றும் கிடையாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி மாற்றுவதற்கு மூன்று வழக்கறிஞர்கள் உட்காரும் ஊர் அது. ஆனால் ஒரு பாட்டை வருடக்கணக்கில் கட்டிப்போட வாய்ச்சொல் போதும். அவிழ்க்கவும் அப்படியே. கேட்டவர் வாயாலேயே 'விட்டுட்டேன்' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. மீறினால் சிறை இல்லை, அபராதம் இல்லை. மதியச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜை காலியாகவே இருக்கும், அவ்வளவுதான். யாரும் மீறியதில்லை.

ஹேவர்ட்டிக்கு இது தோதாகப் போயிற்று. நல்ல பாட்டு என்று பீஸ்லியின் காது சொன்னால் ஹோல்டு போடச் சொல்லுவார். தமக்கு வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல. எதிர்த்தெருத் தயாரிப்பாளர் ஓடெல் ஸ்ட்ரிக்லண்டுக்குக் கிடைக்கக் கூடாதே. பீஸ்லியின் மேஜை இழுப்பறையில் எந்த நேரமும் நாற்பது டேப் இருந்தன. எழுதியவர்கள் ஹோல்டு கிடைத்த அன்று நண்பர்களைக் கூட்டிப்போய் விருந்து வைத்தார்கள். அந்த விருந்துகளுக்கு பீஸ்லியையும் கூப்பிடுவார்கள். அவரும் போய்ச் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்; அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஐலா டிட்வெல்லின் பாட்டு 1978 ஆகஸ்டில் வந்தது. ஐலாவுக்கு முப்பத்தெட்டு வயது; வேய்ன்ஸ்பரோவிலிருந்து வந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டும் இஸ்திரிதான். விவாகரத்து வழக்குக்குப் புருஷன் கிளம்புகிறான்; போட்டுப்போகும் சட்டைக்கு மனைவியே பெட்டி போட்டுக் கொடுக்கிறாள். அவனுக்குக் காலர் படியவே வராது. கசங்கிய சட்டையோடு நீதிபதி முன்னால் போய் நின்றால் பார்க்கிறவர்கள் யாரைச் சொல்வார்கள்? அவ்வளவுதான் பாட்டு.

பீஸ்லி அதை ஒரு முறை கேட்டார். எழுந்துபோய்க் கார் நிறுத்துமிடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஹேவர்ட்டியிடம் சொன்னார்: "ஜானெல்லுக்கு."

ஜானெல் பிராக் கம்பெனியின் பெரிய பாடகி. ஹேவர்ட்டி டேப்பைக் கேட்டு மேஜையில் தட்டினார்.

"அவளுக்கேதான். ஆனா இப்ப அவ காதுல போட்றாத. அவளே கோர்ட்டுக்கு அலைஞ்சுட்டு இருக்கா. விவாகரத்துன்ற வார்த்தையக் கேட்டாலே எதையாவது தூக்கி எறியறா. அது முடியட்டும். அதுவரை பிடிச்சு வை."

அக்டோபரில் வாய்தா. ஜனவரியில் வாய்தா. ஏப்ரலில் நீதிபதிக்கு முதுகுவலி. ஜானெல்லும் புருஷனும் வீட்டை, குதிரைகளை, ஃபுளோரிடா நிலத்தையெல்லாம் பிரித்துக்கொண்டார்கள்; கச்சேரிக்குப் போகிற பஸ் யாருக்கு என்பதில் மட்டும் நின்றது. ஒரு பஸ்ஸுக்காக ஒரு பாட்டு இழுப்பறையில் கிடந்தது.

1979 ஜூன் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை ஐலா நேரில் வந்தாள். வேலை உடுப்போடு வந்திருந்தாள், உட்காரவில்லை.

"மிஸ்டர் பீஸ்லி, ஓடெல் ஸ்ட்ரிக்லண்ட் என் பாட்டக் கேட்கறாரு. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதிவு. நாலாவது பாட்டுக்கு இடம் காலியா இருக்கு, மத்தியானம் பன்னண்டு வரைக்கும் வச்சிருக்கேன்றாரு. நீங்க விட்டுட்டேன்னு சொன்னாப் போதுமாம்."

"ஓடெல்லா..." என்றார் பீஸ்லி.

"என் பாட்டுப் பதிப்பாளரோட ஒப்பந்தம் சனிக்கிழமை முடியுது. மூணு வருஷத்துல ஒரு பாட்டுகூட பதிவாகல. ஒண்ணு ஆயிருந்தாலும் நீட்டிச்சுத் தர்றேன், இல்லன்னா வேணாம்னு சொல்லிட்டாரு. இந்த வியாழக்கிழமை போச்சுன்னா நான் ஊருக்குப் போயிருவேன். அதான் நேர்ல வந்தேன்."

"அது நல்ல பாட்டு, ஐலா. ரொம்ப நல்ல பாட்டு."

"தெரியும். பதினோரு மாசமா நீங்க அதத்தான் சொல்றீங்க."

பீஸ்லி டேப் இருந்த இழுப்பறையைப் பார்த்தார். "ராய்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றார்.

அவள் போனதும் வெர்னீஸ் கதவில் வந்து நின்றாள்.

"யாரு ஹோல்டு கேட்டது?"

"நான்தான்."

"அப்ப யாரு விடணும்?"

"நான்தான். ஆனா..."

"அந்த 'ஆனா'வுக்குத்தான் துணைத் தலைவர்னு பேரு போல."

ஆனாவுக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடம் முன்னால் இதே போல ஒரு ஹோல்டை ஹேவர்ட்டியைக் கேட்காமல் பீஸ்லி விட்டார். அந்தப் பாட்டை ஓடெல் பதிவு செய்து முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ஹேவர்ட்டி கத்தவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடும் கடையில், ஒரு கறியும் மூன்று காயும் வாங்கிக்கொண்டு பீஸ்லி உட்காரும்போதெல்லாம், எழுந்துபோய்ப் பாட்டுப்பெட்டியில் காசு போட்டு அந்தப் பாட்டைத் தட்டிவிடுவார். ஒரு சொல் பேசமாட்டார். மூன்று மாதம் இது நடந்தது. கடைசியில் பரிமாறுகிற பெண்ணே, "மிஸ்டர் ஹேவர்ட்டி, பாவம், அவரு சாப்பிட்டுக்கட்டும்," என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கத்தியிருந்தால் பீஸ்லி தாங்கிக்கொண்டிருப்பார்.

இப்போது ஹேவர்ட்டி ஏரியில் இருந்தார். ஜூன் கடைசி வாரம் வருடாவருடம் பெர்சி பிரீஸ்ட் ஏரியில் படகு, தூண்டில், தொலைபேசி கிடையாது. கரையில் தூண்டில் கடை வைத்திருந்த அம்மாளிடம் சேதி சொன்னால் காகிதப்பையில் எழுதிவைத்துக் கொடுப்பாள். பீஸ்லி திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை இரண்டு என்று சொல்லிவைத்தார். மூன்றிலும், 'அவசரம் இல்லை, முடிந்தால் கூப்பிடவும்' என்றே சொன்னார்.

புதன்கிழமை நாலு மணிக்கு ஹேவர்ட்டி கூப்பிட்டார்.

"என்ன மாப்ள, மூணு சேதி வச்சிருக்க. ஆபீசு தீப்பிடிச்சிருச்சா?"

"அதெல்லாம் இல்ல, ராய்ஸ்."

"ரெண்டு நாளா ஒரு கெளுத்திகூடக் கடிக்கல. நான் என்ன மனநிலைல இருக்கேன்னு உனக்குச் சொல்ல வேண்டாம். என்ன விஷயம்?"

"ஒரு பாட்டு பத்தி..."

"பாட்டா? பாட்டுலருந்து தப்பிக்கத்தான்யா நான் இங்க வந்திருக்கேன்! திங்கக்கிழமை பேசலாமா, இப்பவே பேசணுமா?"

கதவில் வெர்னீஸ் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பீஸ்லி அவளைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை பேசலாம்," என்றார். "மீன் மாட்டட்டும்."

அவர் தொலைபேசியை வைத்ததும் வெர்னீஸ் தன் மேஜைக்குப் போய்த் தட்டச்சு இயந்திரத்துக்கு உறை போட்டாள். நாலரை மணிகூட ஆகவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு பீஸ்லி வந்துவிட்டார். டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். தொலைபேசியைக் கையில் எடுத்து ஓடெலின் எண்ணில் நாலு இலக்கம் சுழற்றிவிட்டு வைத்தார். பத்து மணிக்கு எதிர்த்தெருவில் பதிவு ஆரம்பித்திருக்கும். மூன்று மணி நேரம், நாலு பாட்டு, ஒரு மணிக்கு முடிந்துவிடும். அங்கே வாசிக்கிறவர்கள் ஸ்வரக் கூட்டுகளையெல்லாம் ஒன்று, நாலு, ஐந்து என்று எண்ணாகத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, காப்பி ஆறுவதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடுகிறவர்கள். பத்து நாற்பதுக்கு ஓடெலே கூப்பிட்டார்.

"கார்லண்ட், ஒரு பாட்டு முடிஞ்சுது. ரெண்டாவது ஓடிட்டிருக்கு. நீ வாயத் தொறந்தாப் போதும் மாப்ள. 'விட்டுட்டேன்' — ஒரு சொல்லு. நான் வேணா உனக்கு முதல் எழுத்து எடுத்துக் கொடுக்கட்டுமா?"

"பன்னண்டு வரைக்கும் டைம் இருக்குல்ல?"

"பன்னண்டு வரைக்கும் இருக்கு. ஆனா உனக்கு எதுக்குய்யா டைம்?"

பீஸ்லி தொப்பியை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார்.

மற்ற எல்லா வழியையும்விட இது கடினமான வழி என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காப்பீட்டுக் கம்பெனியில் பதினான்கு வருடம் அவர் செய்தது இதைத்தான்: நேரில் போய்ப் பார்ப்பது. நேரில் போனால் ஏதாவது ஆகும் என்று நம்பினார். பதினொன்றேகாலுக்குப் படகுத்துறையின் நுனியில், டையும் கோட்டுமாக, தொண்ணூறு டிகிரி வெயிலில் நின்றார். ஹேவர்ட்டியின் படகு ஏரி நடுவில் தெரிந்தது. பீஸ்லி கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். படகிலிருந்த உருவம் எழுந்து நின்று, சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்து தூண்டிலைப் பார்த்துக்கொண்டது.

"ராய்ஸ்!" என்று கூப்பிட்டார். சபையில் அவர் பாடியது அடிக்குரல். தண்ணீர்மேல் அது தூரம் போகவில்லை.

தூண்டில் கடை அம்மாள் வெளியே வந்தாள். "பசிச்சா வந்துருவாரு, ஐயா. எப்பவும் பன்னண்டரைக்குப் பசிக்கும்."

"பன்னண்டுக்கு முன்னால பசிக்காதா?"

"நேத்து சாசேஜ் அதிகமா சாப்பிட்டுட்டாரு. இன்னிக்குத் தாமதமாகும்."

கடைக்கு வெளியே காசு போடும் தொலைபேசி இருந்தது. பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அதில் யாரும் பேசவில்லை. பீஸ்லி அதற்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையில் சில்லறை வைத்திருந்தார். பன்னிரண்டு அடித்தது, கடைக்குள் ரேடியோவில் செய்தி வந்தது, சில்லறை உள்ளங்கையில் ஈரமாயிற்று.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஹேவர்ட்டி கரைக்கு வந்தார். முகமெல்லாம் சிவந்து, வாளியில் மூன்று கெளுத்தியோடு, உற்சாகமாக இருந்தார்.

"அட, கார்லண்ட்! நீ கையாட்டுனப்ப யாரோ பாஸ்டர்னு நினைச்சேன். என்ன இவ்வளவு தூரம்? யாராவது செத்துட்டாங்களா?"

"ஐலா டிட்வெல்லோட பாட்டு, ராய்ஸ். சட்டைப் பாட்டு. ஓடெல் கேட்கறாரு. விட்டுறலாமான்னு..."

"எந்தச் சட்டை?"

பீஸ்லி சொன்னார். இஸ்திரி, காலர், நீதிபதி. ஜானெல்லுக்காகப் பிடித்து வைத்தது. ஹேவர்ட்டி தலையைச் சொறிந்தார்.

"ஞாபகம் இல்லையே. நானா பிடிச்சு வைக்கச் சொன்னேன்? சரி, குடுத்துத் தொலை. யாரு வேண்டாம்னா? இதுக்கா டை கட்டிட்டு வந்த? ஒரு போன் போட்டு நீயே விட்டுருக்கலாமேய்யா." வாளியைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாரு, நடுவுல இருக்கறதப் பாரு."

பீஸ்லி நடுவில் இருந்த மீனைப் பார்த்தார். நல்ல மீன் என்றார்.

தொலைபேசியில் இப்போது ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஜூலை நாலாம் தேதிக்கு உருளைக்கிழங்கு சாலட் யார் கொண்டுவருவது என்று தங்கையோடு வழக்கு. "போன தடவ உன்னோடதுல கடுகு ஜாஸ்தி, அத நான் சொல்லல, அம்மாதான் சொன்னா," என்றாள். பீஸ்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படுகிற மாதிரி, ஆனால் அவசரப்படுத்துகிற மாதிரி இல்லாமல் நின்றார். கடுகு விஷயம் தீர ஏழு நிமிடம் ஆயிற்று. அவள் வைத்துவிட்டு, "காத்திருக்கீங்கன்னு சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?" என்றாள்.

பீஸ்லி சில்லறையைப் போட்டு எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் ஓடெலுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"விட்டுட்டேன், ஓடெல்," என்றார் பீஸ்லி.



"மாப்ள, நாலாவது பாட்டு முடிஞ்சு டிரம் அடிக்கறவன் தாளத்தட்டக் கழட்டிட்டான். லாரிப் பாட்டு ஒண்ணு. ஒண்ணும் பிரமாதம் இல்ல. பன்னண்டே கால் வரைக்கும் பார்த்தேன்."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கே. உங்க ஆளுங்க..."

"எங்க ஆளுங்க இருபது நிமிஷத்துல ரெண்டு போடுவாங்க. பாடறவ போயிட்டாளே! ராத்திரி நாக்ஸ்வில்ல கச்சேரி, பஸ் வாசல்ல நின்னுது. அடுத்த பதிவு செப்டம்பர்லதான்." பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில்: "உன்னால முடிஞ்சத நீ செஞ்ச."

அது உண்மை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐலாவுக்கு போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாலு மணிக்குச் சலவைக்கூடத்துக்குப் போனார். நீராவிக்குள் அவள் ஒரு கோட்டின் காலரைப் படிய வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அழுத்துகிற தகட்டை மேலே தூக்கிவிட்டாள்.

"எத்தன மணிக்குச் சொன்னீங்க?"

"பன்னண்டு நாப்பது."

"மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நான் போகல. இந்தச் சுவத்து போன் பக்கத்துலயே நின்னேன்," என்றாள். அடுத்த கோட்டை எடுத்து விரித்தாள். "உங்களத் திட்டணும், மிஸ்டர் பீஸ்லி. காலையிலருந்து வார்த்தையெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். இப்ப உங்க மூஞ்சியப் பார்த்தா வரமாட்டேங்குது. இருக்கறதுலயே மோசமான குணம் உங்ககிட்ட அதுதான்."

"ஆமா, அம்மா," என்றார் பீஸ்லி.

"நீங்க முடியாதுன்னு போன ஆகஸ்ட்லயே சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கு சாயங்காலமே எதிர்த்தெருவுக்குப் போயிருப்பேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் வேலையைப் பார்த்தாள். நீராவியில் அவருடைய கண்ணாடி மங்கிப்போனது. துடைத்துக்கொண்டு போட்டபோது அவள் அடுத்த மேஜைக்குப் போயிருந்தாள்.

சனிக்கிழமை ஐலாவின் ஒப்பந்தம் முடிந்தது. ஜூலை இரண்டாம் வாரம் வேய்ன்ஸ்பரோவுக்குப் போய்விட்டாள்; செப்டம்பரில் ஓடெல் அனுப்பிய கடிதம் முகவரி மாறித் திரும்பி வந்தது. அதே மாதம் ஜானெல்லுக்கு விவாகரத்து கிடைத்தது, பஸ்ஸும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் காதல் பாட்டு தவிர வேறெதையும் கேட்கமாட்டேன் என்றாள். பீஸ்லி இன்னும் பதினோரு வருடம் அந்த வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய காது தேர்ந்தெடுத்த பாட்டுகளுள் ஒன்பது முதலிடத்துக்குப் போயின. இழுப்பறையில் எத்தனை கிடந்தன என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஐலா டிட்வெல்லின் பாட்டை கார்லண்ட் பீஸ்லி பதினோரு மாதம் பிடித்து வைத்திருந்தார். தாமே விடக்கூடியதை விடுவதற்கு மூன்று நாள் அனுமதி கேட்டுக் காத்திருந்தார். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு விட்டார்.